மூச்சும் பொருளும்: ஆங்கிலக் காற்புள்ளி கடந்து வந்த வழி

தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் நம்மவர்க்கு ஆங்கிலம் பள்ளிப் பாடத்தோடு முடிந்துபோகும் மொழி அன்று. அண்டை வீட்டாரோடு இந்தியிலோ, வங்காளியிலோ, மராத்தியிலோ பேசிக் காரியத்தை முடித்துக்கொள்ளலாம். ஆனால் வாடகைப் பத்திரம், வேலை நியமன உத்தரவு, காப்பீட்டு ஒப்பந்தம், மேலதிகாரிக்கு எழுதும் விண்ணப்பம் ஆகியவை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நம்மிடம் வருகின்றன. ஆங்கிலத்திலேயே நம்மிடமிருந்து செல்கின்றன. நாடாளுமன்றம் வேறு ஏற்பாடு செய்யும் வரையில் சட்டங்களின் அதிகாரபூர்வமான வாசகம் ஆங்கிலத்தில் இருக்கும் என்று நம் அரசியலமைப்பின் 348ஆம் பிரிவு கூறுகின்றது. அவ்வாசகங்களிலே சொற்களுக்குப் பொருள் தேடுவோர் பலர். சொற்களுக்கு இடையே நிற்கும் சிறிய வளைகோட்டைச் சற்றே நின்று பார்ப்போர் சிலர்.

அவ்வளைகோடுதான் காற்புள்ளி. இணைப்புச் சொல்லுக்கு முன் அதனை இடுவதா, விடுவதா என்பது இலக்கண ஆசிரியர் மட்டும் கவலைப்படவேண்டிய செய்தி என்று தோன்றலாம். வரலாற்றைப் பார்த்தால் உண்மை வேறு. ஒருவர் குடியிருந்த வீடும், சிலர் உழைத்துப் பெற்ற கூலியும், ஒருவர் உயிருங்கூட இக்குறியைப் பற்றிய வாதத்திலே தொங்கியிருக்கின்றன. இதற்குக் காரணம் ஒன்று உண்டு. காற்புள்ளி மூச்சுக்காகப் பிறந்தது. பிற்காலத்தில் பொருளுக்குக் காவலாக வைக்கப்பட்டது. அது வேலை மாறியதை மறந்து எழுதுவோரே இன்றும் இடர்ப்படுகின்றனர்.

கி.மு. 200 வாக்கில் எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா நகரத்துப் பெருநூலகத்தின் தலைவராய் விளங்கியவர், பைசாந்தியத்து அரிஸ்டோபனீஸ் என்னும் கிரேக்கப் புலவர். அக்காலத்துக் கிரேக்கச் சுவடிகளில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெளி இல்லை. நம் ஓலைச்சுவடிகளைப் போலவே எழுத்துகள் ஒரே தொடராய் ஓடின. அந்நாளில் நூலைப் படிப்பது என்றால் உரக்கப் படிப்பதே வழக்கம். படிப்பவர் எவ்விடத்தில் எவ்வளவு நிறுத்தவேண்டும் என்று காட்டுவதற்காக, வரியின் மேலும் நடுவிலும் கீழும் புள்ளியிடும் முறையொன்றை அவர் வகுத்தார். மிகக் குறுகிய தொடருக்குக் ‘கோம்மா’ என்று பெயர். ‘வெட்டப்பட்ட துண்டு’ என்பது அச்சொல்லின் பொருள். முதலில் வாக்கியத்தின் துண்டைக் குறித்த பெயர், பின்னர் அத்துண்டின் இறுதியில் நிற்கும் குறிக்கு ஆகிவந்தது.

இன்றைய வளைந்த வடிவத்தை அச்சுக்கலையே நிலைபெறச் செய்தது. 1476ஆம் ஆண்டில் வில்லியம் காக்ஸ்டன் இலண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவியபோது, நிறுத்தங்களைக் காட்டச் சாய்கோட்டையே பயன்படுத்தினார். இத்தாலியில், வெனிஸ் நகரத்து அச்சுக் கலைஞரான ஆல்டஸ் மனூஷியஸ், அதே நூற்றாண்டின் இறுதியில் அச்சாய்கோட்டைச் சுருக்கி, வளைத்து, வரியின் அடியில் தாழ்த்தி வைத்தார். அரைப்புள்ளியும் அவருடைய அச்சகத்திலேயே முதன்முதல் அச்சேறியது. பதினாறாம் நூற்றாண்டிலே இவ்வளைகோடு இங்கிலாந்திற்கு வந்து சாய்கோட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

வடிவம் மாறியபோதும் வேலை உடனே மாறவில்லை. காற்புள்ளிக்கு ஒன்று என்று எண்ணும் நேரமும், அரைப்புள்ளிக்கு இரண்டு என்று எண்ணும் நேரமும், முக்காற்புள்ளிக்கு மூன்றும், முற்றுப்புள்ளிக்கு நான்கும் நிறுத்துக என்று ஆங்கிலப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. தமிழில் காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி என்று கால் அளவு சொல்லி நாம் பெயரிட்டிருப்பதும் இக்கணக்கை நினைவூட்டுகின்றது. 1795ஆம் ஆண்டில் வெளிவந்து, அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் பல தலைமுறைகளுக்குப் பாடநூலாய் விளங்கியது லிண்ட்லி மரேயின் ஆங்கில இலக்கணம். அந்நூல் நிறுத்தத்தையும் விடவில்லை. வாக்கிய உறுப்புகளைப் பிரித்துக் காட்டும் இலக்கணத்தையும் விடவில்லை. இரண்டையும் ஒருங்கே காத்த அக்காலத்து ஆங்கில நூல்களில் காற்புள்ளிகள் மழைத்துளிபோல் சிதறிக் கிடக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாய்விட்டுப் படித்தல் குறைந்து, மனத்துக்குள் படித்தல் மிகுந்தது. கண்ணால் படிப்பவனுக்கு மூச்சு விடும் இடம் காட்டத் தேவையில்லை. வாக்கியத்தின் எந்த உறுப்பு எதனோடு சேரும் என்பதைக் காட்டினால் போதும். ஆகவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1906இல் நூல் வெளியிட்ட ஃபௌலர் சகோதரர்களைப் போன்றோர், தேவையற்ற குறிகளைக் களைந்து, இட்ட குறிக்குக் காரணம் கேட்கும் வழக்கத்தை வலியுறுத்தினர். மூச்சின் பணியாளாய் இருந்த காற்புள்ளி, இவ்வாறு படிப்படியாகப் பொருளின் பணியாள் ஆயிற்று.

இன்றைய ஆங்கிலத்தில் அது செய்யும் வேலையைச் சில எடுத்துக்காட்டுகளால் காண்போம். ‘நான் மேலாளரைப் பார்த்தேன்’ என்பது ஒரு வாக்கியம். ‘எழுத்தர் கடிதத்தைக் கொடுத்தார்’ என்பது மற்றொன்று. இரண்டையும் ‘ஆண்ட்’ என்னும் சொல்லால் ஆங்கிலத்தில் இணைத்தால் என்ன ஆகும்? ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு நம் ‘ஐ’ உருபு போன்ற வேற்றுமை உருபு இல்லை. ஆகவே, ‘நான் மேலாளரையும் எழுத்தரையும் பார்த்தேன்’ என்றே படிப்பவன் முதலில் கொள்வான். அடுத்த வினைச்சொல் வந்தபின் திகைத்து, மீண்டும் தொடக்கத்திற்குத் திரும்புவான். ‘ஆண்ட்’ என்பதற்கு முன் ஒரு காற்புள்ளி இருந்தால் இத்திகைப்பு இல்லை. தனித்து நிற்கவல்ல இரு வாக்கியங்களை ‘ஆண்ட்’, ‘பட்’, ‘ஆர்’ போன்ற சொற்கள் இணைக்கும்போது, அச்சொல்லுக்கு முன் காற்புள்ளி இடுக என்னும் விதி இதனால் எழுந்தது. தமிழில் ஓர் உருபு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் ஒரு குறி செய்கின்றது என்று கொள்ளலாம்.

எழுவாய் ஒன்றாகவும் வினைகள் இரண்டாகவும் இருப்பின் அக்குறி வேண்டுவதில்லை. ‘அவர் சென்னைக்குச் சென்று தந்தையைக் கண்டார்’ என்று நாம் எச்சத்தால் கோத்துச் சொல்வதை ஆங்கிலேயர் ‘ஆண்ட்’ இட்டு, குறியின்றி எழுதுவர். நம்மவர் பலர் இங்கும் மூச்சு விடும் இடம் பார்த்துக் காற்புள்ளி இட்டுவிடுகின்றனர். அது பழைய கணக்கு. சார்பு வாக்கியத்திலும் இத்தகைய வேறுபாடு உண்டு. ‘மழை பெய்தால்’ என்னும் நிபந்தனை முன்னே வந்தால், அதன் முடிவில் காற்புள்ளி இடுவர். அந்நிபந்தனையே தலைமை வாக்கியத்தின் பின்னே வந்தால் பெரும்பாலும் இடுவதில்லை.

மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நமக்கு மிகுந்த சோதனை தருவது வேறோர் இடம். ‘தில்லியில் வாழும் என் தம்பி’ என்று தமிழில் எழுதுகின்றோம். தம்பியர் பலர் இருக்க, அவருள் தில்லியில் வாழ்பவரைப் பிரித்துக் காட்டுகின்றோமா? ஒரே தம்பி இருக்க, அவர் இருக்கும் ஊரையும் உடன் சொல்லி வைக்கின்றோமா? தமிழ்ப் பெயரெச்சம் இரண்டிற்கும் இடந்தரும். ஆங்கிலமோ இரண்டில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்துகின்றது. ‘ஹூ’ என்னும் சொல்லால் தொடங்கும் கிளை வாக்கியத்தின் இருபுறமும் காற்புள்ளி இருந்தால் அது கூடுதற் செய்தி. இல்லையேல் அது பிரித்துக் காட்டும் அடையாளம். ‘பயிற்சி பெற்ற ஊழியர்கள் மிகையூதியம் பெறுவர்’ என்னும் உத்தரவை ஆங்கிலத்தில் எழுதும்போது காற்புள்ளி இட்டால், ஊழியர் அனைவரும் பயிற்சி பெற்றவர்; அனைவர்க்கும் ஊதியம் உண்டு. இடாவிட்டால், பயிற்சி பெற்றவர்க்கு மட்டுமே உண்டு. எத்தனை குடும்பங்களின் வருவாய் இரு வளைகோடுகளில் அடங்கியிருக்கின்றது என்பதைக் காண்க.

இத்துணை ஆற்றல் வாய்ந்த குறியை நீதிமன்றங்கள் எவ்வாறு நோக்கின? தொடக்கத்தில் அவை அதனை நம்பவே இல்லை. எழுத்தரும் அச்சுக்கோப்பாளரும் தத்தம் மனம்போல் இடும் குறி, சட்டம் இயற்றியவர்களின் கருத்தைக் காட்டாது என்பது பழைய ஆங்கில நீதிபதிகளின் எண்ணம். 1887ஆம் ஆண்டில் வங்காளத்துப் பர்த்துவான் மகாராணியாரின் மேல்முறையீட்டு வழக்கை இலண்டன் பிரிவி கவுன்சில் விசாரித்தது. சட்டத்திற்குப் பொருள் காண்பதில் நிறுத்தக் குறிகளை நம்புவது தவறு என்று அப்போது அது அழுத்தமாகக் கூறிற்று.

ஆயினும் 1916ஆம் ஆண்டில் இலண்டனில் நடந்த வழக்கொன்று இக்கேள்வியை உலகறியச் செய்தது. காங்கோவிலும் தென்னமெரிக்காவிலும் தொழிலாளர் பட்ட கொடுமைகளை வெளிப்படுத்திப் புகழ்பெற்றவர் சர் ரோஜர் கேஸ்மென்ட். அயர்லாந்தின் விடுதலைக்காக ஜெர்மனியிலே முயற்சி செய்த அவர்மீது, 1351ஆம் ஆண்டில் நார்மன் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட இராஜத்துரோகச் சட்டத்தின்கீழ்க் குற்றம் சாட்டப்பட்டது. அரசனின் நாட்டிற்குள் அவன் பகைவரைச் சார்ந்து, நாட்டிற்குள்ளோ வேறிடத்திலோ அவர்களுக்கு உதவுவது குற்றம் என்னும் கருத்துப்பட அச்சட்டம் அமைந்திருந்தது. ‘அல்லது வேறிடத்தில்’ என்னும் இணைப்புத் தொடர், உதவி சென்று சேரும் இடத்தை மட்டும் குறிக்கின்றது; துரோகம் செய்பவன் நாட்டிற்குள் இருந்தாக வேண்டும்; கேஸ்மென்ட்டோ ஜெர்மனியில் இருந்தார்; எனவே அவர் குற்றவாளி அல்லர் என்று அவருடைய வழக்கறிஞர் சல்லிவன் வாதிட்டார். இடையில் வரும் தொடரைக் குறிகளுக்குள் ஒதுக்கிப் படித்தாலோ, ‘வேறிடத்தில்’ என்பது முன்னே சென்று துரோகச் செயலோடு சேர்ந்துவிடும். நீதிபதிகள் பழைய மூல ஆவணத்தையே நேரிற் பார்த்து, அதில் குறிகள் உள்ளனவா என்று ஆராய்ந்தார்கள். வாதம் தோற்றது. 1916 ஆகஸ்டு 3ஆம் நாள் கேஸ்மென்ட் தூக்கிலிடப்பட்டார். காற்புள்ளியால் தூக்கிலிடப்பட்டவர் என்று அவரைச் சொல்வது பின்னர் வழக்காயிற்று. நீதிபதிகள் பழைய சட்ட அறிஞர்களின் உரைகளைப் பெரிதும் துணைக்கொண்டனர் என்பதையும் உடன் சொல்வதே நேர்மை. எனினும், ஓர் ‘அல்லது’ எதனோடு சேரும் என்பதைத் திட்டமாகச் சொல்லாத வாக்கியம் எத்துணை அச்சந்தருவது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

இந்தியா விடுதலை பெற்றபின் நம் உச்ச நீதிமன்றம் நடுவழியொன்றைக் கண்டது. நிறுத்தக் குறி சட்டத்தின் தெளிந்த பொருளை அடக்கி ஆளமுடியாது. ஆனால் சட்டம் கருத்தோடு குறியிடப்பட்டு, பொருளில் ஐயமும் இருக்குமாயின் குறிக்கும் மதிப்புண்டு என்று 1952ஆம் ஆண்டு வழக்கொன்றில் நீதிபதி பி. கே. முகர்ஜி எடுத்துக்காட்டினார். அதன்பின் வந்த தீர்ப்புகள் இரண்டு நம் கருத்திற்கு உரியவை.

1979ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதிகளில் இடம்பெற்ற முதல் வழக்கு, 1940ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டத்தைப் பற்றியது. மருந்தை விற்பது, ‘இருப்பு வைப்பது அல்லது காட்சிக்கு வைப்பது விற்பனைக்காக’ என்னும் முறையில் ஆங்கிலச் சொற்கள் அதில் அடுக்கப்பட்டிருந்தன. வெறுமனே மருந்தைக் கையில் வைத்திருப்பதும் குற்றமா என்பதே கேள்வி. ‘இருப்பு’ என்பதைக் குறிக்கும் சொல்லுக்குப் பின் காற்புள்ளி இல்லை; ஆகவே அச்சொல்லும் ‘விற்பனைக்காக’ என்பதோடு பிரியாமல் சேர்ந்ததே; விற்கும் நோக்கத்தோடு இருப்பு வைத்தால்தான் குற்றம் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. இல்லாத காற்புள்ளி இங்கே சான்றாக நின்றது.

இருந்த காற்புள்ளி சான்றாக நின்றது 1988ஆம் ஆண்டில். வாடகை வீட்டில் வாழும் நம்மவர் மனங்கொள்ளத்தக்க வழக்கு அது. மத்திய மாகாணம், பேரார் பகுதிகளுக்கான 1949ஆம் ஆண்டு வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணையில், குடியிருப்பவரை வெளியேற்றுவதற்கான காரணங்களுள் ஒன்று இவ்வாறு அமைந்திருந்தது: அவர் வேறு வீடு பெற்றிருக்கவேண்டும், அல்லது தொடர்ந்து நான்கு மாதம் அப்பகுதியை விட்டுச் சென்று அவ்வீடு அவருக்கு நியாயமாகத் தேவைப்படாது இருக்கவேண்டும். ‘தேவைப்படாது இருத்தல்’ என்னும் கடைசி நிபந்தனை இரண்டு காரணங்களுக்கும் உரியதா, இரண்டாவதற்கு மட்டுமா? இரண்டிற்கும் உரியது என்றால், வேறு வீடு பெற்றவரும் ‘இந்த வீடும் எனக்குத் தேவை’ என்று காட்டித் தப்பலாம். ‘அல்லது’ என்பதற்கு முன்னே நின்ற காற்புள்ளியை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. அக்குறி முதற் காரணத்தைத் தனியே பிரித்து நிறுத்திவிட்டது. கடைசி நிபந்தனை இரண்டாம் காரணத்தோடு மட்டுமே செல்லும் என்று தீர்ப்பாயிற்று. இணைப்புச் சொல்லுக்கு முன் வரும் காற்புள்ளி பொருளின் எல்லைக்கல் என்பதற்கு நம் நாட்டிலேயே கிடைத்த உரைகல் இத்தீர்ப்பு.

பட்டியலின் கடைசிச் சொல்லுக்கு முன், ‘ஆண்ட்’ அல்லது ‘ஆர்’ என்பதை ஒட்டிக் காற்புள்ளி வேண்டுமா என்பது ஆங்கிலேயரிடையிலேயே தீராத வழக்கு. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தில் ஹொரேஸ் ஹார்ட் 1893இல் தொகுத்த விதிகளின் வழிவந்தோர் வேண்டும் என்பர். செய்தித்தாள்காரர் பெரும்பாலும் வேண்டா என்பர். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இவ்வழக்கு உண்மையான வழக்காகவே மாறியது. உணவுப் பொருள்களை அடைத்தல், பதப்படுத்தல், காத்தல், உறையவைத்தல், உலர்த்தல், சந்தைப்படுத்தல், சேமித்தல் ஆகிய ஏழும், அவற்றின் இறுதியில் ‘அனுப்புவதற்காகவோ விநியோகத்திற்காகவோ கட்டுதல்’ என்றும், ‘அனுப்புவதற்காகக் கட்டுதல், விநியோகித்தல்’ என்றும் இருவகையாகப் படிக்கக்கூடிய தொடரும் ஒரு சட்டத்தில் இருந்தன. இவ்வேலைகளைச் செய்வோர்க்கு மிகைநேர ஊதியம் இல்லை என்பது விதி. ஓக்ஹர்ஸ்ட் என்னும் பால் நிறுவனத்தின் வண்டியோட்டிகள் பாலை விநியோகித்தனர், கட்டவில்லை. சட்டத்தில் அந்த ‘ஆர்’ என்பதற்கு முன் காற்புள்ளி இல்லை. அத்தொடர் ஐயத்திற்கு இடமானது, ஐயம் எழும்போது ஊதியச் சட்டத்தைத் தொழிலாளர் பக்கமே கொள்ளவேண்டும் என்று 2017 மார்ச்சு மாதத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு 50 இலட்சம் டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. இதற்கிடையில், தீர்ப்பை அடுத்து, அம்மாநிலத்தார் அச்சட்டத்தைத் திருத்தி, வேலைகளுக்கு இடையே அரைப்புள்ளிகளை நிறுத்தினர்.

இவ்விடத்தில் நம் பழைய இலக்கணத்தை எண்ணிப் பார்ப்பது பயன்தரும். ஓலையில் காற்புள்ளி கிடையாது. ஆறுமுக நாவலர் போன்றோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு நூல்களிலே நிறுத்தக் குறிகளைப் பரவச் செய்யும் வரையில் தமிழுக்கு அவை தேவைப்படவே இல்லை. பட்டியலில் ஒவ்வொரு சொல்லோடும் ‘உம்’ சேர்ந்து நின்றது. அதனை எண்ணும்மை என்றனர். உம்மை இன்றிச் சொற்களை வெறுமனே அடுக்குவது செவ்வெண். அத்தகைய பெயர்ச் செவ்வெண் இறுதியில் தொகை பெற்று வரவேண்டும் என்பது பவணந்தியார் நன்னூலில் வகுத்த விதி. ‘அறம் பொருள் இன்பம் வீடு என்னும் நான்கு’ என்று சொல்லும்போது, அந்த ‘நான்கு’ பட்டியலுக்குப் பூட்டுப் போடுகின்றது. மெய்ன் மாநிலச் சட்டத்தை எழுதியவர் ‘இவ்வெட்டு வேலைகளும்’ என்றோ, ‘இவ்வொன்பது வேலைகளும்’ என்றோ ஒரு தொகைச் சொல்லைச் சேர்த்திருந்தால், வழக்குக்கே இடம் இராது. எட்டு என்றால் விநியோகம் கட்டுதலுக்குள் அடங்கிவிடும். ஒன்பது என்றால் அது தனி வேலை.

இதனால் தமிழ் உயர்ந்தது, ஆங்கிலம் தாழ்ந்தது என்பது நம் கருத்தன்று. தில்லியில் வாழும் தம்பியைப் பற்றிய ஐயத்தை ஆங்கிலம் இரு வளைகோடுகளால் தீர்த்துவிடுகின்றது. தமிழுக்கு ஒரு தனி வாக்கியமே வேண்டியிருக்கின்றது. ஒவ்வொரு மொழியும் தன் எல்லைக்கற்களைத் தனக்கேற்ற இடத்தில் நட்டு வைத்திருக்கின்றது. ஒரு மொழியின் கல்லை மற்றொன்றில் தேடுவோர் வழி தவறுவர். மத்தியச் சட்டங்களின் தமிழ் முதலிய மொழிபெயர்ப்புகள், குடியரசுத் தலைவரின் அதிகாரத்தால் வெளியிடப்படும்போது, அவ்வம்மொழியில் அதிகாரபூர்வமான வாசகமாகக் கொள்ளப்படும் என்று 1973ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்பாடு செய்திருக்கின்றது. ஆதலால் ஆங்கிலக் காற்புள்ளி ஒன்றைத் தமிழில் உம்மையாக்குவதா, எச்சமாக்குவதா, தனி வாக்கியமாக்குவதா என்னும் முடிவு, மொழிபெயர்ப்பாளரின் மேசையில் நிகழும் சிறு செயலாய்த் தோன்றினும், பிறர் உரிமையைத் தொடும் செயலே ஆகும்.

வானொலியில் செய்தி படிப்பவர் தம் தாளில் மூச்சுக்கு ஒரு கோடு இட்டுக்கொள்வதில் தவறில்லை. அலெக்சாந்திரியப் புலவர் வகுத்த வழி அது. பத்திரத்திலும் விண்ணப்பத்திலும் அவ்வழி உதவாது. ‘ஆண்ட்’, ‘ஆர்’ என்னும் சொற்களைக் காணுந்தோறும், இதற்கு முன் உள்ளவற்றுள் எது வரையில் இச்சொல்லின் கை நீளுகின்றது, இதற்குப் பின் வரும் நிபந்தனை எவ்வெவற்றிற்கு உரியது என்று இரு கேள்விகள் கேட்டுக்கொள்ளவேண்டும். விடை காற்புள்ளி ஒன்றையே நம்பி நிற்குமாயின், அவ்வாக்கியத்தை இரண்டாக உடைத்து எழுதுவதும், (அ), (ஆ) என்று இனம் பிரித்து எழுதுவதும், தொகை சொல்லி முடிப்பதும் நலம். பிறர் எழுதித் தரும் பத்திரமாயின், கையெழுத்திடுமுன் அவ்வாறு திருத்தித் தருமாறு கேட்பதில் நாணம் வேண்டுவதில்லை.